தொகுப்பு வீட்டின் தளம் ஏன் உதிர்கிறது?

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, சற்றே சுருக்கியது.)

இதைப் பதிவு செய்யும்போது என் மேசை மேல ஒரு கான்கிரீட் துண்டு இருக்குங்க. ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்து விரிச்சா எவ்வளவு வருமோ அவ்வளவு அகலம். ஒரு அங்குலத் தடிமன். கடைத் தராசுல போட்டுப் பார்த்தேன், ஒண்ணே முக்கால் கிலோ. போன ஐப்பசியில ஒரு விடியற்காலை இது எங்க வீட்டுத் தளத்துல இருந்து பெயர்ந்து எங்க அம்மாவோட கட்டில் மேல விழுந்தது. பால் கறக்க அம்மா எழுந்து போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

எங்க ஊர் தர்மபுரி மாவட்டத்துல, பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவுல. வீடு ஒரு தொகுப்பு வீடு. நகரத்துல இருந்தும் வெளிநாட்டுல இருந்தும் கேட்கிறவங்களுக்காகச் சொல்றேன்: அரசுத் திட்டத்துல வரிசையாகக் கட்டிக் கொடுத்த சின்னச் சின்ன கான்கிரீட் வீடுகளைத்தான் ஊர்ல தொகுப்பு வீடுன்னு சொல்வாங்க. 1985-86இல் தொடங்கின இந்திரா ஆவாஸ் யோஜனாவில் கட்டினவை நிறைய. எங்களுடையது 1996-97. வாசல் பக்கச் சுவர்ல ஒரு சின்னப் பலகை மாதிரி பூசி, அதுல திட்டத்தின் பெயர், ஆண்டு, பயனாளி பெயர் எழுதியிருக்கும். பயனாளி எங்க அம்மா. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறப்ப அம்மா அந்தப் பலகையை மட்டும் விட்டுட்டுச் சுத்தி அடிப்பாங்க. இருபத்தி எட்டு வருஷமா அப்படித்தான்.

இது எங்க ஒரு வீட்டுக் கதை இல்லைங்க. 2024இல் தமிழ்நாடு அரசு, 2000-01 வரைக்கும் அரசுத் திட்டங்களில் கட்டின ஊரக வீடுகளில் 2.5 லட்சம் வீடுகளை 2,000 கோடி ரூபாயில் பழுது பார்க்கப்போவதாக அறிவித்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு வீட்டுக்குச் சராசரியாக 80,000 ரூபாய். அதுக்கு அடுத்த வருஷ பட்ஜெட்டில், பழுதே பார்க்க முடியாத 25,000 வீடுகளை 600 கோடியில் திரும்பக் கட்டுவதாகச் சொன்னாங்க. ஒரு காலத்தில் கட்டிக் கொடுத்த வீடுகள் ஒட்டுமொத்தமாக ஒரே வயசுக்கு வந்து, ஒட்டுமொத்தமாக உதிர ஆரம்பிச்சிருக்கு. ஏன் உதிருது, எதைச் செய்தால் நிற்கும், எதைச் செய்தால் காசு வீண் — இந்த மூணையும்தான் இந்த எபிசோடில் பேசப்போறேன். நான் இன்ஜினியர் இல்லை. விழுந்த துண்டு எடுத்துக்கொடுத்த பாடம் இது. படிச்சும் கேட்டும் செய்தும் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

முதல்ல பழைய வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை. தொகுப்பு வீட்டுக்கு முன்னாடி நாங்க இருந்தது எங்க ஆயா வீடு. கருங்கல் கடைக்கால், மண் சுவர், நாட்டு ஓடு. அந்த வீடு சும்மா இருக்கவே விடாது. சித்திரை வைகாசியில, மழைக்கு முன்னாடி, ஓடு மாத்தியாகணும். ஓட்டையெல்லாம் பிரிச்சு இறக்கி, உடைஞ்சதை ஒதுக்கி, ரீப்பர் கட்டையில செல்லு ஏறியிருக்கான்னு தட்டிப் பார்த்து, திரும்ப அடுக்கணும். வாரம் ஒருமுறை சாணி மெழுகணும். மார்கழிக் கடைசியில சுண்ணாம்பு. குரங்கு வந்து ஓட்டை நகர்த்திட்டுப் போனா அன்னைக்கே மேல ஏறணும். காட்டோரத்து ஊர்க்காரங்களுக்கு இது தெரியும். பல வீட்டுல ஓட்டை விட்டதுக்குக் காரணமே குரங்குதான்.

ஆனா அந்த வீட்டுல ஒரு வசதி இருந்தது. கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரியும். ஓடு உடைஞ்சா அதே ராத்திரி முகத்துல சொட்டும். கைமரம் மக்கினா கீழ மாவு கொட்டும். வீடே ஆள் விட்டுச் சொல்லும். அதனால வருஷத்துக்கு நாலு நாள் வேலை, சாதாரணச் செலவு, முடிஞ்சது.

1997இல் புது வீட்டுக்கு வந்தப்போ அப்பா சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. "இனிமே மேல ஏற வேண்டிய வேலையே இல்ல." அவர் மட்டும் இல்லை, அந்த வரிசையில இருந்த எல்லாரும் அப்படித்தான் நம்பினாங்க. தளம் போட்ட வீடுன்னா பராமரிப்பே வேண்டாத வீடு. இருபது வருஷம் அந்த நம்பிக்கை பொய்க்கவும் இல்லை. பிரச்சினையே அதுதாங்க. கான்கிரீட் உள்ளுக்குள்ள கெடும்போது வெளியில ஒண்ணுமே காட்டாது.

உள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம். கான்கிரீட்டுக்குள்ள இருக்கிற இரும்புக் கம்பி ஈரத்துல ஏன் துருப்பிடிக்கிறதில்லை? வெளியில கிடந்தா ஒரே மழையில பிடிக்குதே. காரணம் சிமென்ட்டின் காரத்தன்மை. புது கான்கிரீட்டின் பி.ஹெச். அளவு 12.5க்கு மேல. அந்தக் காரத்தில் கம்பியின் மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டாகி, துருவை அண்டவிடாது. இந்தப் படலம் இருக்கிற வரைக்கும் கம்பி பத்திரம்.

இதைக் கெடுக்கிறது ரெண்டு. ஒண்ணு காற்று. காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு மெதுமெதுவாகக் கான்கிரீட்டுக்குள் நுழைந்து அந்தக் காரத்தைத் தீர்த்துக்கொண்டே வரும். பி.ஹெச். 9க்குக் கீழ இறங்கினதும் கம்பியின் படலம் போயிடும். இது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதில் ஒரு கணக்கு இருக்கு, அதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்க. ஆழம் இரண்டு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும். ஒரு கான்கிரீட்டில் காற்று 10 மில்லிமீட்டர் உள்ள போக 10 வருஷம் ஆச்சுன்னா, 20 மில்லிமீட்டர் போக 20 வருஷம் இல்லை, 40 வருஷம் ஆகும். அப்போ தளத்தின் அடியில், கம்பிக்குக் கீழ எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்கு என்பதுதான் வீட்டின் ஆயுள்.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 என்று ஒரு ஆவணம் இருக்கு, கான்கிரீட் வேலைக்கு அதுதான் அடிப்படை. தளத்துக் கம்பிக்குக் கீழ 15 முதல் 20 மில்லிமீட்டராவது கான்கிரீட் மூடியிருக்கணும்னு அது சொல்லுது. இன்னைக்கு அதுக்காகக் கவர் பிளாக் வைக்கிறாங்க. சின்னச் சின்ன சிமென்ட் கட்டை, கம்பிக்கு அடியில வச்சுத் தூக்கி நிறுத்துறது. எங்க வீட்டுல என்ன வச்சாங்க? இந்த மேசை மேல இருக்கிற துண்டைத் திருப்பிப் பார்த்தா தெரியுது. கம்பி படுத்திருந்த பள்ளம் அச்சு எடுத்த மாதிரி இருக்கு, காவி நிறத்துல. அந்தப் பள்ளத்துக்கும் அடிப்பரப்புக்கும் நடுவுல அளந்தா ஒரு முனையில 9 மில்லிமீட்டர், இன்னொரு முனையில 4. அதாவது சென்ட்ரிங் தகடு மேல கம்பியைப் பரப்பி, இங்க ஒரு ஜல்லி அங்க ஒரு ஜல்லி முட்டுக் கொடுத்துட்டுக் கான்கிரீட்டைக் கொட்டியிருக்காங்க. அந்தக் காலத்துல கிராமத்துல பெரும்பாலும் அப்படித்தான் செஞ்சாங்க. யாரையும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. இன்னொண்ணு, அந்த ஐ.எஸ். 456இன் 1978ஆம் வருஷப் பதிப்பு கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்15 தரம் போதும்னு விட்டிருந்தது. 2000ஆம் வருஷப் பதிப்புல அது எம்20 ஆச்சு. நம்ம தொகுப்பு வீடுகள் பலதும் அந்தப் பழைய கணக்குல வந்தவை.

ரெண்டாவது, தண்ணீர். அதுல கரைஞ்சிருக்கிற குளோரைடு உப்பு. எங்க மாவட்டத்துத் தண்ணின்னாலே எல்லாரும் ஃபுளோரைடைத்தான் பேசுவாங்க. பல்லுக்கும் எலும்புக்கும் அது செய்த கெடுதலால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனா கம்பிக்கு எதிரி ஃபுளோரைடு இல்லைங்க, குளோரைடு. பேர் ஒரே மாதிரி இருக்கிறதால நானே ரொம்ப நாள் குழப்பிக்கிட்டேன். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கிற தண்ணியில லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல குளோரைடு இருக்கக்கூடாது என்கிறது அதே தரநிலை. கம்பி இல்லாத வெறும் கான்கிரீட்டுக்கு 2,000 வரைக்கும் பரவாயில்லை. நாலு மடங்கு வித்தியாசம். கம்பிக்காகத்தான் அவ்வளவு கண்டிப்பு. வாயில வச்சா கரிக்கிற போர் தண்ணியில தளம் போட்டால், எதிரியை உள்ள உட்கார வச்சே வீடு கட்டின மாதிரி. இப்ப வீடு கட்டப்போறவங்க தண்ணியை ஒரு பாட்டில் பிடிச்சு, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துல கொடுத்துப் பார்த்திடுங்க. வீட்டுச் செலவுல அது ஒரு செலவே இல்லை.

சரி, துரு பிடிச்சா என்ன? கம்பி மெலியுறது பிறகுதான். முதல்ல நடக்கிறது வேற. துரு, தான் தின்ன இரும்பைவிட ரெண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைச்சுக்கும். கம்பி கான்கிரீட்டுக்குள்ள வீங்குது. வீங்குறதுக்கு இடம் இல்லை. அதனால கீழ இருக்கிற மெல்லிய பகுதியைத் தள்ளும். முதல்ல கம்பி ஓடுற திசையில நேர்கோட்டு விரிசல். அப்புறம் அந்தப் பகுதி உள்ளுக்குள்ள பிரிஞ்சு தொங்கும். வெளியில பார்த்தா சாதாரணத் தளம். ஒரு நாள் விழும்.

எங்க வீட்டுல முதல் துண்டு விழுந்தது போன ஐப்பசியில இல்லை. 2016இலேயே சமையல் பக்கம் கொஞ்சம் பெயர்ந்தது. சமையலறையில ஏன் முதல்ல? விறகடுப்புப் புகையில கார்பன் டை ஆக்சைடு, பானை ஆவியில ஈரம், ரெண்டும் ஒரே இடத்துல. அப்ப ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டோம். அவர் வந்து, தெரிஞ்ச கம்பி மேல சிமென்ட் பாலைத் தெளிச்சு, கலவையை அறைஞ்சு, மட்டமாப் பூசிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி கிளம்பிட்டார். பார்க்க அழகா இருந்தது. ரெண்டு வருஷத்துல அதே இடமும் விழுந்தது, அதுக்குப் பக்கமும் விழுந்தது.

அதே இடம் ஏன் விழுந்ததுன்னு புரியும். துருவை உள்ள வச்சே மூடினோம், அது வீங்குறதை நிறுத்தலை. பக்கம் ஏன் விழுந்தது என்பதுதான் எனக்குப் புதுசா இருந்தது. துரு என்பது ஒரு மின்வேதி வேலை, பேட்டரி மாதிரி. ஒரே கம்பியில ஒரு பகுதி காரமான புதுக் கலவைக்குள்ள, அதுக்கு அடுத்த பகுதி உப்பேறின பழைய கான்கிரீட்டுக்குள்ள இருந்தா, அந்த எல்லையில பழைய பக்கம் முன்னைவிட வேகமா அரிக்க ஆரம்பிக்கும். ஒட்டுப் போட்ட இடத்தின் ஓரத்தில் அடுத்த ஓட்டை விழுவது இதனால்தான். அதனால 'விழுந்த இடத்தை மட்டும் பூசிக் கொடுங்க'ன்னு கேட்கிறது, பணத்தை ரெண்டு தடவை செலவு பண்றதுக்குச் சமம்.

ஐப்பசிக்கு அப்புறம் வீட்டுல பெரிய சண்டை. அண்ணன் பெங்களூருல எலக்ட்ரீஷியன். "இடிச்சுட்டு ரெண்டு ரூமா எடுத்துக் கட்டலாம், கடன் வாங்கிக்கலாம்"னு அவர். அப்பாவுக்கு இடிக்கிற பேச்சே ஆகலை. அம்மா ஒண்ணும் சொல்லலை, கட்டிலை மட்டும் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போட்டுக்கிட்டாங்க. கார்த்திகைக் குளிர்ல, அறுபத்தி மூணு வயசுல. எனக்கு அதுக்கு மேல பேச வரலை. பழுது பார்க்கிற திட்டத்துக்கு மனு கொடுத்திருந்தோம். எங்க முறை வரட்டும்னு இன்னொரு மழைக்காலம் காத்திருக்கத் துணிவு இல்லை.

பென்னாகரம் பக்கத்து மேஸ்திரி ஒருத்தர் வந்தார். எங்க மாவட்டத்துக்கும் பெங்களூருக்கும் இருக்கிற தொடர்பு உங்களுக்குத் தெரிஞ்சதுதான். அங்கே எழும்புற கட்டடத்துல சாரம் கட்டுறதும் கம்பி வளைக்கிறதும் பாதி நம்ம ஊர் ஆளுங்க. இவர் அங்கே இருபது வருஷம் பழைய அடுக்குமாடிகளில் பழுது வேலை மட்டுமே செஞ்சவர். வந்ததும் எங்களை மாதிரி அண்ணாந்து பார்க்கலை. நேரா மேல ஏறினார். கால் மணி நேரம் கழிச்சு இறங்கி வந்து அப்பாகிட்ட, "அண்ணா, வியாதி மேல இருக்கு, நீங்க கீழ மருந்து போட்டிருக்கீங்க"ன்னார்.

மேல என்ன இருந்தது? வைக்கோல் போர். கைப்பிடிச் சுவர் ஓரமா ஒரு அரசஞ்செடி, சுண்டுவிரல் தண்டி. 500 லிட்டர் தண்ணித் தொட்டி, அதாவது நிரம்பினா அரை டன், தளத்தின் நட்டநடுவுல. மோட்டாரை நிறுத்த மறக்கிற ஒவ்வொரு தடவையும் வழிஞ்ச தண்ணி போன பாசித்தடம். தண்ணி இறங்குற குழாய் வாயில பத்து வருஷத்துப் புளிய இலை. வாட்டம் குழாய்ப் பக்கம் இல்லாம எதிர்ப்பக்கம் இறங்கியிருந்தது. எங்க தளம் சுமார் 33 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழை பேஞ்சா மேல விழுறது 330 லிட்டர். அது போக வழி இல்லாம நின்னு, மெதுவா உள்ள இறங்கி, கம்பியைத் தேடிப் போயிருக்கு.

வேலை நடந்த வரிசையை அப்படியே சொல்றேன். உங்க வீட்டுல செய்யும்போது இந்த வரிசை மாறினா கேள்வி கேளுங்க.

முதல்ல தட்டிப் பார்த்தல். சின்னச் சுத்தியல், இல்லாட்டி ஒரு மரக்கட்டை. தளத்தின் அடியில ஒவ்வொரு சாண் இடத்துக்கும் தட்டிக்கிட்டே போகணும். நல்ல இடம் 'டங்'னு பதில் சொல்லும். பிரிஞ்ச இடம் வெறும் பானை மாதிரி 'பொத்'துன்னும். பொத்துன்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால வட்டம் போட்டார். விழுந்தது ரெண்டு இடம், வட்டம் வந்தது பதினொண்ணு. அதுல ஒண்ணு, நான் சின்ன வயசுல படிக்க உட்கார்ந்த மூலைக்கு நேர் மேல.

விரிசலைப் படிக்கவும் கத்துக்கொடுத்தார். சிலந்தி வலை மாதிரி எல்லாப் பக்கமும் ஓடினா அது பூச்சு விரிசல், பயப்பட வேண்டாம். நேர்கோட்டுல, அரை அடிக்கு ஒண்ணா சமதூரத்துல ஓடினா அது கம்பியின் கையெழுத்து. விழுந்த துண்டையும் தூக்கி எறியாதீங்க, திருப்பிப் பாருங்க. வழவழன்னு இருந்தா பூச்சு மட்டும் கழண்டிருக்கு. காவிப் பள்ளம் இருந்தா கம்பி வரைக்கும் போயிருக்கு.

இன்னொரு சோதனை நான் செஞ்சது. பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்துல இருக்குமே, பினால்ப்தலின், அது. கார் நிறமா இருந்தா... இல்லை, தப்பாச் சொல்றேன்: காரம் இருந்தா அது ரோஜா நிறமாகும், இல்லாட்டி நிறமே வராது. புதுசா உடைச்ச கான்கிரீட் மேல தெளிச்சா, எவ்வளவு ஆழம் வரைக்கும் காற்று தின்னிருக்குன்னு கோடு போட்ட மாதிரி தெரியும். எங்க துண்டுல நிறமே வரலை. மேல, தளத்துக்கு உள்ள இரண்டரை சென்டிமீட்டர் ஆழம் போனப்புறம்தான் ரோஜா வந்தது.

அடுத்து முட்டு. எதையும் உடைக்கும் முன்னாடி கீழ இருந்து பலகையும் சவுக்குக் கம்பும் வச்சுத் தாங்கிக்கணும். இதை விட்டுட்டு உடைக்கிற ஆளை உடனே நிறுத்துங்க.

அப்புறம் மேல் வேலை. போரையும் தொட்டியையும் இறக்கி, தொட்டியைச் சுவருக்கு நேர் மேல வர்ற மாதிரி மாத்தினோம். அரசஞ்செடியை வெட்டினா போதாது, வேரோட எடுக்கணும், அதுக்காக ரெண்டடி சுவரைப் பிரிச்சுக் கட்ட வேண்டி வந்தது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, பத்தடிக்கு ரெண்டு அங்குலம் வாட்டம் விட்டு, மேல தட்டோடு பதிச்சார். பழைய மதராஸ் வீடுகளின் முறை. ரசாயனப் பூச்சுகள் வந்திருக்கு, ஆனா வாட்டம் இல்லாத தளத்துல எந்தப் பூச்சும் ரொம்ப நாள் தாங்காது.

கீழ்வேலை அதுக்கப்புறம்தான். வட்டம் போட்ட இடம் முழுக்க உடைச்சாங்க. துரு தெரியற வரைக்கும் இல்லை, துரு முடிஞ்சு நல்ல கம்பி வர்ற வரைக்கும். கம்பிக்குப் பின்னாடி விரல் நுழையற அளவுக்கு இடம் விட்டு உடைக்கணும், அப்பதான் புதுக் கலவை கம்பியைச் சுத்திப் பிடிக்கும். கம்பி பிரஷால, உப்புத்தாளால தேய்ச்சு இரும்பு பளிச்சுன்னு தெரிஞ்சதும் அன்னைக்கே பாதுகாப்புப் பூச்சு. இந்தக் கம்பிப் பூச்சு விஷயத்துல காரைக்குடியில இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நிறைய வேலை செஞ்சிருக்கு. சிமென்ட்டும் பாலிமரும் சேர்ந்த பூச்சு ஒண்ணு அவங்க உருவாக்கினதுதான். அப்புறம் லேடெக்ஸ் கலந்த கலவை, அரை அங்குலத்துக்கு மேல போகாம, ஒரு அடுக்கு இறுகினதும் அடுத்தது. ஈரச் சாக்கு கட்டி வச்சு ஒரு வாரம் காய விடாம பார்த்துக்கிட்டது அம்மாவோட வேலை.

பதினொரு வட்டத்துல ஒன்பது இப்படிச் சரியாச்சு. சமையலறையில ரெண்டு இடத்துல கம்பி தென்னங்குச்சி மாதிரி ஆயிடுச்சு. கம்பியின் குறுக்களவுல கால்வாசிக்கு மேல போயிருந்தா தேய்ச்சுப் பூசுறதுல அர்த்தம் இல்லை, புதுக் கம்பி சேர்க்கணும், அதுக்கு முன்னாடி ஒரு இன்ஜினியர் பார்க்கணும். இதே மாதிரி தளம் நடுவுல தொய்ஞ்சிருந்தாலோ, சுவர்ல சாய்வா விரிசல் இறங்கியிருந்தாலோ மேஸ்திரியோட நிறுத்திடாதீங்க. மேஸ்திரியே அதைச் சொன்னார், "தம்பி, இதுக்கு மேல என் கண்ணு பத்தாது." இன்ஜினியர் வந்து பார்த்துட்டு, சமையலறைத் தளத்தை மட்டும் எடுத்துடச் சொன்னார். எடுத்துட்டு, ஆயா வீட்டுல மிச்சமிருந்த கைமரத்தை வச்சுச் சீமை ஓடு போட்டோம். அப்பா அதைப் பார்த்துச் சிரிச்சார். திரும்பவும் மேல ஏறுற வேலை வந்துடுச்சேன்னு.

அண்ணன் கேட்ட கேள்வி நியாயமானது, அதையும் சொல்லணும். இவ்வளவு பண்ணினா எத்தனை வருஷம் நிக்கும்? பத்து, பதினஞ்சு வருஷம்னு மேஸ்திரி சொன்னார், அதுவும் மேல தண்ணி நிக்காம பார்த்துக்கிட்டா. புதுசா கட்டினா ஐம்பது. ஆனா கலைஞர் கனவு இல்லம் திட்டத்துலயே 360 சதுர அடி வீட்டுக்கு அரசு கொடுக்கிறது 3.5 லட்சம். அது குடிசையில இருக்கிறவங்களுக்கு. எங்களுக்கு அதுவும் கிடையாது, முழுக்கக் கடன்தான். கூலியும் சாமானும் எல்லாம் சேர்த்து நாங்க செலவு பண்ணினது அந்தத் தொகையில மூணுல ஒரு பங்குக்கும் கீழ. என் கணக்குக்கு இது சரின்னு பட்டது. அண்ணன் இன்னும் ஒத்துக்கலை. அவர் மகளுக்குக் கல்யாணம் ஆகும்போது திரும்பப் பேசுவோம்னு விட்டிருக்கோம்.

இதே மாதிரி வீட்டுல இருக்கிறவங்க, வீடு 2000-01க்கு முன்னாடி அரசுத் திட்டத்துல கட்டினதுன்னா, ஊராட்சிச் செயலர்கிட்டயோ வட்டார வளர்ச்சி அலுவலகத்துலயோ பழுது நீக்கும் திட்டத்தைப் பத்திக் கேளுங்க. சுவர்ல அந்தப் பலகை எழுத்து அழியாம இருந்தா ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. வருஷமும் திட்டத்தின் பெயரும் பல வீட்டுல வேற எந்தக் காகிதத்துலயும் இல்லை.

அம்மா தை மாசம் கட்டிலை உள்ள கொண்டு வந்தாங்க. பழைய இடத்துல போடலை, சுவர் ஓரமாப் போட்டுக்கிட்டாங்க. நானும் வற்புறுத்தலை. வைகாசி கடைசி ஞாயித்துக்கிழமை நானும் அப்பாவும் ஏணி போட்டு மேல ஏறினோம். குழாய் வாய்ல புளிய இலை திரும்பவும் ஒரு கைப்பிடி சேர்ந்திருந்தது. தட்டோட்டு இடுக்குல ரெண்டு இடம் பிளந்திருந்தது, அடைச்சோம். வாசல் பக்க சன்ஷேட்டை இன்னும் தட்டிப் பார்க்கலை, அதுக்குச் சாரம் வேணும். ஆடி மழைக்குள்ள அதைப் பார்த்துடணும்.